கடைசித் தெருவிலிருந்து தொடங்கட்டும் மழைக்கால வேலை

புரட்டாசி பாதி தாண்டியதும் நம் நகரங்களின் கடைத்தெருக்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். சாக்கடைக் கால்வாயின் மேலிருக்கும் சிமெண்ட் பலகைகளைக் கடப்பாரையால் நெம்பி ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். உள்ளே ஒருவர் நின்றுகொண்டு மண்வெட்டியால் கருப்புச் சேற்றை வாரி மேலே தருவார். மேலே நிற்பவர் அதை அன்னக்கூடையில் வாங்கிக் கரையில் கொட்டுவார். மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடந்து போவோம். மறுநாள் காலையில் 'பருவமழை முன்னெச்சரிக்கைப் பணிகள் தீவிரம்' என்று படத்தோடு செய்தி வரும்.

செய்தி பொய்யில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளை நாம் கேட்பதில்லை. கால்வாய்க்குள் நிற்பவர் யார்? அவர் குடியிருக்கும் தெருவின் கால்வாயை யார், எப்போது தூர்வாருவார்கள்?

கடலூரை வைத்து இந்தக் கேள்விகளைப் பார்ப்போம். மழைக்காலத்தைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆறுகள் கூடும் ஊர்

1866இல் நகராட்சியான கடலூர், 2021இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. இப்போது 45 வார்டுகள். பெயரில் மாநகரம் வந்தாலும் மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் என்று பேட்டை பேட்டையாகப் பழகிய சிறு நகரம்தான் இது. வடக்கே தென்பெண்ணை, நடுவே கெடிலம், தெற்கே உப்பனாறு. மேற்கே பெய்கிற மழையெல்லாம் நம் ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் நமக்குக் கிடைக்கிறது.

2004 டிசம்பர் 26இல் சுனாமி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல். 2015 நவம்பரில் பெருவெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்புகளில் வீடு தோறும் தண்ணீர் புகுந்ததை மக்கள் இன்னும் மறக்கவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் மழைக்கால நகராட்சி வேலை என்பது உயிர் காக்கும் வேலை. கால்வாய் தூர்வாருவது, மணல் மூட்டை அடுக்குவது, டீசல் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைப்பது, விழுந்த மரத்தை அறுப்பது, முகாமில் சோறு போடுவது, பிளீச்சிங் பவுடர் தூவுவது, கொசுப்புழு தேடி வீடு வீடாகப் போவது என்று எல்லாம் இதில் அடங்கும். இந்த வேலைகள் எந்தத் தெருவில் தொடங்குகின்றன, எந்தத் தெருவில் முடிகின்றன என்பதில் சாதி இருக்கிறது.

முதலில் பஜார், கடைசியில் காலனி

நம் மாவட்டத்துச் சிறு நகரங்களில் தூர்வாரும் வேலைக்கு எழுதாத வரிசை ஒன்று உண்டு. முதலில் பஜார், பேருந்து நிலையம், அதிகாரிகள் குடியிருப்பு. அடுத்து கோயில் மாடவீதிகள். பிறகு கவுன்சிலர்களின் செல்வாக்குள்ள நகர்கள். காலனி கடைசி. பல ஆண்டுகள் அந்தக் கடைசிக்கு முறை வருவதற்குள் மழை வந்துவிடும். எந்த அதிகாரியும் சாதி பார்த்து இந்த வரிசையைப் போட்டதாகச் சொல்லமாட்டார். போக்குவரத்து, வணிகம், புகார் வந்த இடம் என்று காரணம் இருக்கும். ஆனால் புகார் சொல்லத் தெரிந்தவருக்கும், சொன்னால் எடுபடுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இந்த வரிசையில் நியாயக் குறைவு மட்டும் இல்லை. பொறியியல் பிழையும் இருக்கிறது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். வடிகால் கட்டினாலும் தூர்வாரினாலும், அது ஆற்றிலோ ஓடையிலோ போய்ச் சேரும் கடைசி முனையிலிருந்து மேல்நோக்கி வர வேண்டும் என்பது கால்வாய் வேலை தெரிந்த எந்த மேஸ்திரிக்கும் தெரிந்த பாலபாடம். கடைசி முனை அடைத்துக்கொண்டிருக்க, நடுவிலிருக்கும் கடைத்தெருவை மட்டும் சுத்தம் செய்தால் என்ன ஆகும்? முன்பு பஜாரில் மெல்ல வடிந்த தண்ணீர் இப்போது விரைவாக ஓடிவந்து, அடைப்பு உள்ள இடத்தில் தேங்கும். அந்த இடம் பெரும்பாலும் ஊரின் தாழ்ந்த பகுதி. அங்கே இருப்பது பெரும்பாலும் தலித் குடியிருப்பு.

கடலோர ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். கடல் ஏற்றத்தின்போது முகத்துவாரம் ஆற்றுநீரை உள்வாங்காது. ஆறு வடிகால் நீரை வாங்காது. அப்போது கால்வாயில் தண்ணீர் பின்னோக்கித் திரும்பும். அதை முதலில் பார்ப்பதும் கடைசித் தெருதான்.

வாரிய சேற்றுக்கும் இதே கதிதான். மேலே எடுத்துப் போட்ட சேற்றை அன்றோ மறுநாளோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஈரம் வடியட்டும் என்று கரையிலேயே விட்டுவைப்பார்கள். அதற்குள் ஒரு மழை பெய்தால் போட்ட உழைப்பும் செலவிட்ட பணமும் திரும்பக் கால்வாய்க்குள்ளேயே போய்விடும். 'தூர்வாரப்பட்டது' என்று பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

பள்ளத்தில் வீடு அமைந்தது எப்படி?

'தாழ்வான பகுதி' என்ற சொல் மழைக்காலச் செய்திகளில் நாள்தோறும் வருகிறது. நிலத்தின் இயல்பைச் சொல்லும் சொல்போல அது ஒலிக்கிறது. யார் அந்தத் தாழ்வில் வாழ்கிறார்கள், ஏன் வாழ்கிறார்கள் என்பதை அந்தச் சொல் சொல்லாது.

மேட்டு நிலத்தில் ஊர், வாய்க்காலுக்கு அப்பால் சேரி என்பது நம் கிராமங்களின் பழைய அமைப்பு. நகரம் வளர்ந்தபோது இந்த அமைப்பையும் சேர்த்தே விழுங்கியது. ஊர் வார்டாயிற்று, சேரி காலனியாயிற்று, இடையிலிருந்த வாய்க்கால் சாக்கடையாயிற்று. சாலை போடும்போதெல்லாம் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டதில் சாலை உயர்ந்தது, வீட்டு வாசல் பள்ளமானது. வசதி உள்ளவர்கள் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டினார்கள். தொகுப்பு வீட்டில் இருப்பவரால் அது முடியவில்லை.

நம் மாவட்டம் தந்த தலைவர் எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் அமைக்கப்பட்ட குழு, நாடெங்கும் நிலவிய தீண்டாமையை விசாரித்து 1969இல் அறிக்கை தந்தது. அரைநூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. தனிக்குவளையையும் தனிக்கிணற்றையும் தீண்டாமையாகப் பார்க்கப் பழகிய நாம், வடிகாலின் கடைசி முனையை அப்படிப் பார்க்க இன்னும் பழகவில்லை.

மழைக்காலத்தில் ஒரு சாவு விழுந்தால் இது இன்னும் வெளிச்சமாகும். காலனி மயானத்துக்குப் போகும் பாதை பல ஊர்களில் வாய்க்காலுக்குள்ளோ வயல் வரப்பிலோதான் போகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் பாடையைத் தூக்கிக்கொண்டு போகும் படங்கள் ஒவ்வொரு கார்த்திகையிலும் எங்கிருந்தாவது வந்துகொண்டுதான் இருக்கின்றன. அரசியலமைப்புச் சட்டத்தின் 12ஆவது அட்டவணை நகர உள்ளாட்சிகளுக்கென்று பட்டியலிட்ட 18 பணிகளில் குடிநீர், பொதுச்சுகாதாரம், குடிசைப்பகுதி மேம்பாடு ஆகியவற்றோடு மயானமும் இருக்கிறது. மயானப் பாதைக்கு மண் கொட்டிச் சிறுபாலம் போடுவதும் மழைக்கால முன்னெச்சரிக்கைதான். அந்தப் பட்டியலில் அதைச் சேர்த்த நகராட்சி எத்தனை?

சேற்றில் இறங்குகிற கால்

இனி முதல் கேள்விக்கு வருவோம். கால்வாய்க்குள் நிற்பவர் யார்?

2024இல் மத்திய அரசு, நாட்டின் நகரங்களில் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி வேலை செய்யும் சுமார் 38,000 பேரின் விவரங்களைத் திரட்டியபோது, அவர்களில் கிட்டத்தட்ட 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்தவர்கள் என்று தெரியவந்தது. பட்டியல் சாதியினர் மட்டும் சுமார் 69 விழுக்காடு. மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு இருப்பவர்கள் சாக்கடையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறார்கள். இதை வேலைவாய்ப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

2020இல் தமிழ்நாடு அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. பெயரில் மதிப்புக் கூடியது நல்லதே. ஆனால் மழைநாளில் அந்தத் தூய்மைப் பணியாளரின் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சேற்றுக்குள் உடைந்த பாட்டில், ஊசி, துருப்பிடித்த கம்பி, எலி மூத்திரம் எல்லாம் இருக்கும். காலில் சிறு வெட்டுக்காயம் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போக. லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் இந்நோய் முற்றினால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும். வெள்ளநீரில் தொடர்ந்து வேலை செய்பவர்களுக்கு மருத்துவர் ஆலோசனையின்படி வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மாத்திரை தருவது அறிந்த தடுப்பு முறை. டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும். விலை அதிகமில்லாத மாத்திரை அது. முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸும் எட்டாத விலைப் பொருளில்லை.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பணியாளருக்குத் தர வேண்டியவற்றில் சீருடை, ஒளிரும் மேல்சட்டை, கையுறை, முகக்கவசம், தகுந்த காலணி ஆகியவற்றோடு மழைக்கோட்டையும் பெயர் சொல்லியே பட்டியலிட்டன. ஐப்பசி மழையில் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு குப்பை வண்டி தள்ளும் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விதியை நினைத்துக்கொள்வோம். பல ஊர்களில் கையுறையும் பூட்ஸும் தரப்படுகின்றன. ஆனால் ஒரே அளவில் வரும். பெண்களின் காலுக்குப் பொருந்தாது. வழவழக்கும் சேற்றில் கையுறையோடு கடப்பாரை பிடிக்க முடியாது. அதனால் கழற்றி வைக்கிறார்கள். 'கொடுத்தும் போடமாட்டேன் என்கிறார்கள்' என்று பழியும் அவர்கள் மேலேயே விழுகிறது. வேலை செய்பவரிடம் அளவு கேட்டு வாங்கினால் இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

வெளியூரிலிருந்து வந்திறங்குகிறவர்கள்

ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் நடக்கும் இன்னொன்றும் உண்டு. பாதிக்கப்பட்ட ஊருக்கு வெளியூர் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் வண்டி வண்டியாக அழைத்துவரப்படுவார்கள். சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் சடலங்களை அப்புறப்படுத்தியவர்களில் பெரும்பங்கினர் அப்படி வந்தவர்கள். உறவினரே நெருங்கத் தயங்கிய உடல்களை அவர்கள்தான் எடுத்துப் புதைத்தார்கள். 2015 வெள்ளத்தின்போது சென்னைக்கும் பல மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள்.

உதவிக்கு ஆள் அனுப்புவது தவறில்லை. மின்வாரியமும் அப்படித்தான் வெளிமாவட்ட ஊழியர்களை அனுப்புகிறது. ஆனால் புறப்படும்போது மாற்றுத்துணி எடுக்க நேரம் தந்தார்களா? படுக்கக் கல்யாண மண்டபமா, பள்ளிக்கூட வராந்தாவா? குளிக்கச் சோப்பும் வெந்நீரும் உண்டா? பெண்களுக்குக் கழிப்பறை? திரும்பியதும் மருத்துவப் பரிசோதனை? அவரது சொந்த ஊரிலும் அதே மழை பெய்து கூரை ஒழுகிக்கொண்டிருந்தால் யார் பார்ப்பது? பேரிடர் மேலாண்மைத் திட்டங்களில் படகும் மோட்டாரும் எண்ணிக்கையோடு எழுதப்பட்டிருக்கும். அவற்றோடு சேர்த்து எழுதப்பட வேண்டிய மனிதத் தேவைகள் இவை.

மழைக்காலத்தில் மட்டும் வேலைக்கு வந்து போகிற இன்னொரு கூட்டமும் உண்டு. டெங்கு கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள். பெரும்பாலும் பெண்கள். டார்ச் விளக்கோடு வீடு வீடாகப் போய்த் தொட்டி, உரல், பழைய டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு வரை பார்த்துப் புழு இருந்தால் கொட்டி, மருந்து ஊற்றிவிட்டு வருவார்கள். தினக்கூலி. காய்ச்சல் குறைந்தால் வேலையும் குறையும். சில வீடுகளில் இவர்களை வாசலுக்குள் விடாத காரணம் எதுவென்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

சட்டம் சொல்வது என்ன?

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தடையை விரிவாக்கி, பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக் குழிக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. அப்படி இறக்கியவருக்கு முதல்முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினரை இந்த வேலையில் ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று, 1993 முதல் சாக்கடையில் இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் இத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனமடைந்தால் 20 லட்சம், மற்ற வகை ஊனத்துக்குக் குறைந்தது 10 லட்சம். இத்தகைய மரணங்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் இருந்துவருகிறது. சமூகநீதி பேசும் மாநிலத்துக்கு இது தலைகுனிவு.

மழைக்காலத்தில் இந்தச் சட்டம் ஏன் கூடுதலாக நினைவுக்கு வர வேண்டும்? பாதாளச் சாக்கடை உள்ள பகுதிகளில் மழைநீர் உள்ளே புகுந்து ஆள்நுழைவுக் குழிகள் பொங்குவது இப்போதுதான். வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிவதும் இப்போதுதான். அவசரம் என்ற பேரில் இயந்திரம் வரும்வரை காத்திராமல் 'கொஞ்சம் இறங்கிப் பாருப்பா' என்று யாரோ ஒருவரைக் கூப்பிடுகிறோம். விஷவாயுவுக்கு அவசரம் தெரியாது. முதலில் இறங்கியவர் மயங்கியதும் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறப்பதுதான் இந்த விபத்துகளின் வழக்கம். தனியார் வீடென்றாலும் சட்டம் ஒன்றுதான். கழிவுநீர்த் தொட்டியோ குழியோ நிரம்பினால் 14420 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். ஆளை இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் குற்றவாளியே.

ஒப்பந்தச் சங்கிலியின் கடைசி வளையம்

2022இல் வந்த 152ஆம் எண் அரசாணைக்குப் பிறகு மாநகராட்சிகளில் தூய்மைப் பணி பெருமளவு ஒப்பந்த நிறுவனங்கள் வசம் போய்விட்டது. இதை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் தொடர்ந்து குரல் கொடுத்துவருகின்றன. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் அமர்ந்து போராடியதும், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதும் நாடறிந்த செய்தி. அதையொட்டிக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அரசு அறிவித்தது. பணிநிரந்தரம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒப்பந்தமுறையில் மழைக்காலம் என்ன செய்யும்? மழை பெய்து வேலை நின்ற நாளுக்குக் கூலி உண்டா என்பது தெரியாது. கூடுதல் நேரம் சேற்றில் நின்றதற்குக் கணக்கு எழுதுவது யார் என்பதும் தெரியாது. சாக்கடையில் காலை வெட்டிக்கொண்டவர் ஈ.எஸ்.ஐ. அட்டை கேட்டால், 'இன்னும் வரவில்லை' என்பார் மேற்பார்வையாளர். சட்டப்படி ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியின் ஊதியத்தில் பிடிப்பது 0.75 விழுக்காடு, நிறுவனம் தர வேண்டியது 3.25 விழுக்காடு. வருங்கால வைப்பு நிதிக்கு இருதரப்பும் 12 விழுக்காடு. பிடித்த பணம் கட்டப்பட்டதா என்பதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். பார்க்கத் தெரிந்த இளைஞர்கள் காலனிகளில் இப்போது நிறையவே இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தெருவிலுள்ள பணியாளர்கள் அத்தனை பேரின் கணக்கையும் பார்த்துக் கொடுத்தால் அது பெரிய உதவி.

ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான உள்ளாட்சியே தந்தாக வேண்டும். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முதலே இருந்துவரும் நெறி இது. உள்ளாட்சித் தூய்மைப் பணியாளருக்கான குறைந்தபட்ச ஊதியத்தை 2017இல் வந்த 62ஆம் எண் அரசாணை வரையறுத்தது. அதை முழுமையாகத் தரச் சொல்லித்தான் மாவட்டம் தோறும் சங்கங்கள் இன்றும் மனு கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

கடைசிக் குழாயில் சோதியுங்கள்

வெள்ளம் வடிந்த பிறகு வருவது வயிற்றுப்போக்கு. மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலப்பார்கள். ஆனால் தொட்டியருகே உள்ள குழாயில் குளோரின் இருந்தால் மட்டும் போதாது. குழாய்ப் பாதையின் கடைசி முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டியில் குழாய்நீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியை வைத்து அளவைச் சொல்லிவிடலாம். இரண்டு நிமிட வேலை. தெருவில் கூடி நின்று செய்து காட்டச் சொன்னால் சுகாதார ஆய்வாளர்கள் மறுக்க வேண்டியதில்லை.

அந்தக் கடைசிக் குழாய் எங்கே இருக்கிறது? மீண்டும் காலனியில். சாக்கடையில் மூழ்கிய குழாய்ப் பள்ளத்துக்குள் இறங்கித்தான் குடம் பிடிக்க வேண்டிய நிலை அங்கே இருந்தால், எத்தனை குளோரின் போட்டும் பயனில்லை. கடைசித் தெருவில் நல்ல தண்ணீர் வந்தால் ஊர் முழுக்க நல்ல தண்ணீர் வருகிறது என்று பொருள். முதல் தெருவில் வருவதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

வடிகாலுக்கும் இதே அளவுகோல்தான். கடைசித் தெருவில் தண்ணீர் வடிந்தால் பஜாரிலும் வடிந்திருக்கும். காலனிக்குச் சலுகை கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஊர் முழுவதும் நனையாமலிருக்க வழியே இதுதான் என்பதால் சொல்கிறோம்.

நாம் கேட்க வேண்டியவை

கேட்பதற்கு இடம் இருக்கிறது. நகர உள்ளாட்சிகளில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022இல் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முதலாக நடந்தன. கிராமசபை போல நகரத்து மக்கள் தங்கள் தெருவைப் பற்றிப் பேசும் இடம் அது. நவம்பர் 1 மழைக்காலத்தின் நடுவில் வருகிறது என்பதால், அதற்கு முன்பே, மழை தொடங்கும் முன்பே, மழைக்கால ஏற்பாட்டுக்கென்று ஒரு பகுதி சபை கூட்டச் சொல்லி வார்டு உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேட்கலாம்.

அங்கே வைக்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. எங்கள் தெருக் கால்வாய் எந்த இடத்தில் ஆற்றில் சேர்கிறது? அந்த முனை எந்தத் தேதியில் தூர்வாரப்பட்டது? எடுத்த சேறு எங்கே கொட்டப்பட்டது? எங்கள் பகுதிக்கு மோட்டார் எத்தனை, டீசல் யார் பொறுப்பு? முகாம் எந்தக் கட்டடத்தில், சாவி யாரிடம்? மயானப் பாதை நடக்கும்படி இருக்கிறதா? கால்வாயில் இறங்கும் பணியாளருக்கு என்ன உடை, என்ன மருந்து தந்தீர்கள்? பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் இதே கேள்விகளை மனுவாகக் கேட்கலாம்.

புதிதாக வடிகால் கட்டும் திட்டம் வந்தால் இன்னொரு கேள்வி. எந்த முனையிலிருந்து தொடங்குகிறீர்கள்? பணம் பாதியில் தீர்ந்தால் நிற்பது எந்தத் தெருவில்? பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிக்கான செயல்திட்டச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024இல் நிறைவேற்றியது. அவர்களுக்கான நிதி அவர்கள் வாழும் இடத்துக்கே போய்ச்சேர வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். நம் வார்டுகளில் அது வடிகாலாக, மயானப் பாதையாக, உயர்த்திக் கட்டிய குழாய் மேடையாக வந்திருக்கிறதா என்று கணக்குக் கேட்பது நம் கடமை.

இந்தப் பத்தியைப் படிக்கும் காலனி அல்லாத வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு உங்கள் தெருக் கால்வாயைத் தூர்வார ஆட்கள் வரும்போது, குடிக்கத் தண்ணீர் கேட்டால் சொம்பில் ஊற்றாமல் டம்ளரில் கொடுங்கள். கைகழுவச் சோப்பு எடுத்து வையுங்கள். பிறகு உங்கள் கவுன்சிலருக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: 'எங்கள் தெரு முடிந்தது. கடைசித் தெரு முடிந்ததா?'

மழை வர இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. கெடிலமும் தென்பெண்ணையும் காத்திருக்காது. கடப்பாரையை இந்த முறை மறுமுனையில் வைத்துத் தொடங்கச் சொல்வோம்.